திங்கட்கிழமைத் தண்ணீர்

உடுவில்,
14-2-1931

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கப்பற் பயணத்தின் களை உங்களுக்கு ஆறியிருக்கும் என்று நம்புகிறோம். வயிற்றுக் குழப்பம் மாறிவிட்டதா என்று அம்மா கேட்டு எழுதச் சொன்னார்.

உங்கள் முதற் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபாற்காரனின் மணி கேட்டதுமே ஐயா சால்வையைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் தங்கை பராசக்தி அடுத்த வளவிலிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தாள். எங்கள் தோட்டக் கிணற்றின் மறுபங்குக்காரர் கந்தப்புவும் இறைப்பை விட்டுவிட்டு வந்து படலையடியில் நின்றார். வாசிக்கும் வேலை என்னுடையது. தொடக்கத்தில் நீங்கள் எனக்கென்று எழுதியிருந்த இடத்தில் இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பராசக்தி விடவில்லை.

"மச்சாள், உதிலை ஒரு வரியை விழுங்கிப்போட்டியள். அண்ணை என்ன எழுதினவர்?"

"தலையிடி எண்டு எழுதியிருக்கிறார்" என்றேன். அம்மா உடனே வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் பொதி பண்ணத் தொடங்கிவிட்டார். அந்தப் பொதி இக்கடிதத்தின் பின்னால் வரும். வந்தால் குடியுங்கள். ஆகையால், இனி எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை வேறு தாளில் எழுதி உள்ளே மடித்து வையுங்கள்.

நீங்கள் வேலை செய்வது சுரங்கத்துக்குள் அல்ல, பூமிக்கு மேலே, கந்தோரில் எழுத்து வேலைதான் என்று வாசித்ததும் ஐயா பெருமூச்சு விட்டார். எனக்குக் கேட்க வேறொன்று இருக்கிறது. எங்களுக்குத் தரப்போகும் குவாட்டர்ஸின் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறதென்று கலியாணத்தின்போது சொன்னீர்கள். நான் பிறந்த நாள்முதல் கிணற்றுத் தண்ணீரைத்தான் கண்டிருக்கிறேன். மாரியில் வெள்ளவாய்க்கால் ஓடும், நாலு நாளில் வற்றிவிடும். வருடம் முழுவதும் ஓடுகிற தண்ணீர் எப்படிச் சத்தம் போடும்? பிள்ளை பிறந்தபின் அங்கே வரும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அருந்ததி


புக்கிட் லாடா நிலக்கரிச் சுரங்கம்,
மலாயா,
20-3-1931

அன்புள்ள அருந்ததிக்கு,

கடவுள் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். மாமா, மாமி, பராசக்தி எல்லோர் சுகத்தையும் அறிய ஆவல். கொத்தமல்லிப் பொதி கிடைத்தது. இல்லாத தலையிடிக்கு மூன்று நாள் குடித்தேன்.

மாமாவுக்குச் சொல்லும்: இந்த மாதம் எங்கள் கந்தோரில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். மலாயா முழுவதும் இதே கதைதான். ஆனால் எனக்குப் பயமில்லை. ஒரு தனி வேலை என் கைக்கு வந்திருக்கிறது.

சுரங்கத்துக்குக் கீழே பள்ளத்தில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. தமிழரும் சீனருமாக முப்பது குடும்பங்கள், மரக்கறித் தோட்டம் செய்கிறார்கள். நிலக்கரி வெட்டும் இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு தொன் கரி எடுக்க எட்டுத் தொன் தண்ணீர் இறைக்கிறோம் என்றால் நம்புவீரா? அந்த இறைப்பால் தங்கள் கிணறுகள் வற்றுகின்றன என்று அவர்கள் அரசாங்கத்துக்கு மனுப்போட்டிருக்கிறார்கள். உண்மையென்று கண்டால் சுரங்கம் அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், பொய் மனுப் போட்டார்கள் என்று அவர்களை அங்கிருந்து எழுப்பிவிடுவார்கள்.

ஆகவே ஏழு கிணறுகளை வாரம் ஒருமுறை அளந்து புத்தகத்தில் பதியும்படி துரை என்னிடம் சொன்னார். எப்போது அளப்பது என்று பேச்சு வந்தது. நான் சொன்னேன்: "எங்கள் ஊரில் பங்குக் கிணற்றுச் சண்டை வந்தால் விடியற்காலையில், ஒரு வாளியும் படமுன் அளப்போம். இரவு முழுவதும் ஆறி ஊறின தண்ணீர்தான் கிணற்றின் சரியான தண்ணீர்." துரை சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "மிக நல்ல முறை. திங்கட்கிழமை விடிய அள" என்று என் தோளில் தட்டினார். நாலு வாரமாக அளக்கிறேன். ஓர் அடிகூட இறங்கவில்லை.

அந்தக் குடியிருப்பில் பாசையூர் ஆள் ஒருவர் இருக்கிறார், பெயர் சிமியோன். என்னைக் கண்டால், "எங்கடை ஊர்ப் பிள்ளை அளக்கிறார், இனிப் பயமில்லை" என்று சொல்லிக்கொண்டு கூடவே வருவார்.

இப்படிக்கு,
இ. கதிரவேலு


உடுவில்,
25-4-1931

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் எழுத்தில் கண்டு மகிழ்ந்தோம். துரை உங்கள் தோளில் தட்டிய இடத்தை ஐயா என்னைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார்.

"பாத்தியோ கந்தப்பு, யாழ்ப்பாணத்தான்ரை கிணத்துப் புத்தியை!"

"ஓமோம். வெள்ளைக்காரன் கப்பல் விடப் பழகினதும் எங்கடை துலாவைப் பாத்துத்தானே" என்றார் கந்தப்பு.

வெயில் கடுமை. மிளகாய்க் கன்றுக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் இறைப்பு நடக்கிறது. அம்மா உங்களை எண்ணெய் வைத்து முழுகச் சொல்கிறார்.

அருந்ததி

(இந்தத் தாள் உங்களுக்கு மட்டும்.)

உங்கள் கடிதத்தை விறாந்தையில் வாசித்தபோதே ஏதோ இடறியது. என்னவென்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். பிறகு எங்கள் தோட்டக் கிணற்றை அளந்து பார்த்தேன். பிள்ளைத்தாச்சி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று அம்மா விடமாட்டார். அதனால் பூப்பறிக்கப் போவதுபோலப் போய், கயிற்றில் முடிச்சுப் போட்டு, கல் கட்டி இறக்கினேன். கந்தப்பு கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, கொப்பர் தந்த சங்கிலி விழுந்திட்டுதோ?"

"இல்லை, தண்ணி எவ்வளவு எண்டு பாக்கிறன்."

"கிடக்கிற தண்ணி கிடக்கும். நீ பாத்தால் கூடுமோ?"

ஒரு கிழமை பார்த்தேன். அவர் இறைக்கத் தொடங்குமுன், விடியற்காலையில், எப்போதும் ஐந்து முழம். இறைத்து முடிந்ததும் இரண்டு முழம், ஒருநாள் ஒன்றரை. மறுநாள் விடிய மீண்டும் ஐந்து. விடியற்காலத் தண்ணீரை மட்டும் பார்த்தால், கந்தப்பு ஒரு பட்டைத் தண்ணீரும் இறைக்கவில்லை என்று நான் கோயிலில் சத்தியம் செய்யலாம்.

இங்கே இரவில் ஒருவரும் இறைப்பதில்லை. அதனால் விடியற்கால அளவு பங்குக்காரர் எல்லோருக்கும் பொதுவானது. அங்கே சுரங்கத்துப் பம்பு எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது? இதை மட்டும் எழுதுங்கள்.

ஓடையைப் பற்றிக் கேட்டிருந்தேன். மறந்துவிட்டீர்கள்.

அ.


புக்கிட் லாடா,
19-5-1931

அன்புள்ள அருந்ததிக்கு,

எல்லோர் சுகத்துக்கும் முருகனை வேண்டுகிறேன். நான் குறைவின்றி இருக்கிறேன். மாமியின் சொற்படி முழுகினேன். தடிமன் பிடித்துவிட்டது என்பதை மட்டும் வாசிக்காமல் விடும்.

உம்முடைய கிணற்று ஆராய்ச்சியைப் படித்துச் சிரித்தேன். இந்த நிலையில் கிணற்றடிக்குப் போக வேண்டாம். பம்பைப் பற்றிக் கேட்டீர். இரவும் பகலும் ஓடும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பொயிலரைக் கழுவ நிறுத்துவார்கள். திங்கள் காலை ஆறு மணிக்கு மறுபடி ஓட்டுவார்கள். நான் கிணறுகளை அளந்துகொண்டு மேலே வரும்போதுதான் முதற் சங்கு ஊதும். அதைக் கேட்டுக்கொண்டு ஏறிவருவது ஒரு சுகம்.

என் புத்தகத்தின் பிரதி ஒன்றைத் துரை அரசாங்க அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் வரும் என்று பக்கத்து மேசை வின்சன்ற் சொல்கிறான். குவாட்டர்ஸும் பார்த்துவிட்டேன். இரண்டு அறை, கண்ணாடி யன்னல், பின்பக்கம் ஒரு மாமரம். நீர் வந்தால் புத்தகம் வைக்கத் தட்டு அடித்துத் தருவேன்.

இப்படிக்கு,
கதிரவேலு


உடுவில்,
11-6-1931

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும். மாமரத்தை வாசித்ததும் பராசக்தி, "அப்ப ஊறுகாய்க்குக் குறைவில்லை" என்றாள்.

(இந்தத் தாள் உங்களுக்கு மட்டும்.)

பூசிமெழுகி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆறு பகலும் ஐந்து இரவும் சுரங்கம் அந்த மண்ணிலிருந்து தண்ணீரை இறைக்கிறது. கிணறுகள் இறங்குகின்றன. சனி மாலை பம்பு நிற்கிறது. ஒரு பகலும் இரண்டு இரவும் மண் ஆறி ஊறுகிறது. பம்பு மறுபடி ஓடுவதற்குச் சற்று முன்பு நீங்கள் போய் அளக்கிறீர்கள். வாரத்தில் அந்தக் கிணறுகளில் தண்ணீர் நிற்கும் ஒரே நேரம் அதுதான்.

நீங்கள் பொய் எழுதவில்லை. ஒவ்வோர் எண்ணும் மெய். நம் ஊரின் நேர்மையான முறையையே கொண்டுபோனீர்கள். இங்கே இறைப்பவன் இரவில் தூங்குவான். அங்கே இறைப்பவன் தூங்குவதில்லை. இது மட்டும்தான் தவறு. துரை சிறிது நேரம் யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை என்றார் என எழுதியிருந்தீர்கள். அந்த யோசனையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

ஒரே ஒரு சனிக்கிழமை, பின்னேரம், பம்பு நிற்குமுன் அளந்து பாருங்கள். நான் சொல்வது பிழையென்றால் சிரித்து எழுதுங்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

இதை இங்கே யாரோடும் கதைக்க முடியாது. நாங்கள் மாற்றுக் கலியாணம் செய்த வீடுகள். நான் உங்கள் மனைவி. உங்கள் தங்கை என் அண்ணையின் மனைவி. என் வாயால் உங்கள் வேலைக்கு ஏதும் வந்தால், என் அண்ணை வீட்டில் பராசக்தியின் முகத்தை ஒருவராலும் பார்க்க முடியாது.

அ.


உடுவில்,
27-7-1931

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். ஆறு கிழமையாக உங்கள் கடிதமில்லை.

கப்பல் வந்த செய்தி ஊருக்கெல்லாம் வந்தது. ஐயா நாலு தரம் சால்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நாலு தரமும் மடித்து வைத்தார். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களோ என்று அம்மா சாமி அறைக்குள் அழுதார். போன புதன்கிழமை பொறுக்கமுடியாமல் உங்கள் பழைய உறையொன்றை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன். கடிதம் வந்துவிட்டது என்றேன். பள்ளிக்கூடக் கணக்குத் தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு வாசித்தேன்: நான் சுகம், மழை அதிகம், தடிமன் மாறிவிட்டது, மாமரம் காய்த்திருக்கிறது. எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. "எழுத்திலை அண்ணை கொஞ்சம் கெட்டிக்காரனாய் வந்திட்டார்" என்றாள் பராசக்தி.

நான் இவ்வளவு சுலபமாகப் பொய் வாசிப்பேன் என்று எனக்குத் தெரியாது. அளந்தீர்களா?

அருந்ததி


புக்கிட் லாடா,
16-8-1931

அருந்ததிக்கு,

நான் சுகம். எல்லோர் சுகத்தையும் அறிவிக்கவும். வேலை மிகுதியால் எழுதப் பிந்திவிட்டது.

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மாமாவுக்குச் சொல்லவும். கிணறுகளைப் பற்றி இனி எழுத வேண்டாம். கடிதங்கள் கந்தோர் மேசையில் கிடந்துதான் எங்கள் கைக்கு வருகின்றன. சனிக்கிழமைகளில் பந்தடிக்கப் போவதை நிறுத்திவிட்டேன். சரியான தூக்கமில்லை, உஷ்ணம்தான். அம்மன் துணையோடு பிரசவம் சுகமாக நடக்கட்டும்.

இ. கதிரவேலு


உடுவில்,
18-9-1931

அன்புள்ள அத்தானுக்கு,

ஆவணி நாலாம் நாள் பெண்குழந்தை பிறந்தாள். இருவரும் சுகம். ஐயா எழுதிய கடிதம் கிடைத்திருக்கும். நெற்றி உங்களுடையது என்று பராசக்தி சொல்கிறாள். மூக்கைப் பற்றி மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. பெயரை நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருக்கிறோம்.

(இந்தத் தாள் உங்களுக்கு மட்டும்.)

நேற்றுப் பின்னேரம் ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கறுத்து மெலிந்தவள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு பிள்ளைகள். "கதிரவேலுத் தம்பியின்ரை வீடு இதுதானோ?" என்று கேட்டாள். சிமியோனின் மனைவி மரியநாயகி. பிள்ளைகளோடு பாசையூருக்குத் திரும்பிவிட்டாளாம். சிமியோன் தோட்டத்தை விட மனமில்லாமல் அங்கேயே நிற்கிறார்.

தண்ணீர் கேட்டாள். செம்பிலேயே கொடுத்தேன். வேறு சாதியென்று கையில் வார்க்காமல் செம்பைக் கொடுத்ததைப் பராசக்தி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று செம்பு குடித்துவிட்டு மரியநாயகி கிணற்றைப் பார்த்தாள்.

"இப்பிடித்தான் தங்கச்சி எங்கடையும் கிடந்தது. இப்ப செவ்வாய்க்கிழமை வாளி இறக்கினால் சேறு. வியாழன் எண்டால் அதுவுமில்லை. திங்கள் விடிய மட்டும் காட்டிப்போட்டு ஓடியிடும். ஆரும் நம்பினமில்லை."

"ஓடை இருக்கெண்டவை?"

"ஓடையோ? மேலை நிலம் வெடிச்சு அதுக்குள்ளை போயிட்டுது. இப்ப வெறும் கல்லு. கீழை பம்புத் தண்ணியை விடுகினம், செங்கட்டி நிறம். அதிலை சோறு வைச்சால் பானை கறள் பிடிக்கும், பிள்ளையளுக்கு வயித்தாலை போகும்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கடை அவர் நல்ல மனுசன். சனி பின்னேரம் தனிய வந்தவர். ஒருக்கால் இல்லை, நாலு சனி. கயிறு விட்டுப் பாத்தார். கயித்து நுனி நனையேல்லை. கிணத்துக் கட்டிலை இருந்தார், இருந்தார், பொழுதுபட்டுப் போச்சு. எங்கடை ஆள் கேட்டார், 'தம்பி, இதை எழுதுவியளோ?' எண்டு. எழும்பிப் போயிட்டார்."

உங்களைக் குற்றம் சொல்ல அவள் வரவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்களா என்று எனக்குத் தெரிந்திருக்கும் என நினைத்து வந்தாள். எனக்குத் தெரியாது என்றேன். அதுவும் பொய்தான். நீங்கள் பந்தடிக்கப் போவதில்லை என்று எழுதியதை வாசித்த அன்றே, அளந்தும் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஆர் மச்சாள் அது?" என்று பராசக்தி கேட்டாள். "வழி கேட்டு வந்தவள்" என்றேன்.

அ.


புக்கிட் லாடா,
26-10-1931

அன்புள்ள அருந்ததிக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. இந்தக் கடிதத்தை விறாந்தையில் வாசிக்க வேண்டாம். கந்தோர் வழியாக அனுப்பாமல் பட்டணம் போகும் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ஓம், அளந்தேன். நாலு சனி. ஏழு கிணறுகளில் ஐந்தில் தண்ணீரே இல்லை. மற்ற இரண்டிலும் ஓர் அடிக்குக் குறைவு. எண்களை நாளும் நேரமும் இட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். அதைப் பெட்டியில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. கிழிக்கவும் முடியவில்லை. இத்துடன் உமக்கு அனுப்புகிறேன். எண்கள் எனக்கு மனப்பாடம்.

நவம்பர் பதினாறு, திங்கட்கிழமை, அரசாங்க அதிகாரி விசாரணைக்கு வருகிறார். நான் புத்தகத்தோடு போய் நிற்க வேண்டும். சனிக்கிழமை அளவுகளை அன்று சொன்னால் அன்றே நான் வெளியே. இந்தக் காலத்தில் வேறு வேலை கிடைக்காது. மாமாவின் முகத்தை நினைக்கிறேன். பராசக்தியை நினைக்கிறேன். சொல்லாவிட்டால் முப்பது குடும்பம் எழும்பும். சிமியோன் இப்போது என் கூட வருவதில்லை. தூரத்தில் நின்று கையைக் கூப்புகிறார். அது எனக்குத் தாங்கவில்லை.

நான் கோழை. நீர் சொல்லும். நீர் எழுது என்றால் எழுதுகிறேன். கடிதம் நேரத்துக்கு வராது. தந்திதான் வரும்.

க.


தந்தி
சுன்னாகம், 13-11-1931
கதிரவேலு, புக்கிட் லாடா
சனிக்கிழமையை எழுதவும்


புக்கிட் லாடா,
20-11-1931

அருந்ததிக்கு,

இதை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன்.

தந்தி சனிக்கிழமை பகல் கந்தோருக்கு வந்தது. சேவகன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் மேசையை விட்டு எழுந்துவிட்டார்கள். ஊரிலிருந்து தந்தி வந்தால் என்னவென்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். நான் பிரித்துப் படித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வின்சன்ற் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான்.

"ஆர் மச்சான்? மாமாவோ?"

நான் பேசவில்லை.

"மனிசியோ?"

அப்போதும் பேசவில்லை. அவன் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று சொல்லிச் சொல்லி அழுதான். துரை வந்தார். தொப்பியைக் கழற்றி நின்றார். ஒரு கிழமை லீவு என்றார். விசாரணைக்கு வின்சன்ற் புத்தகத்தைக் கொண்டுவரட்டும் என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். என் உள்ளே ஏதோ இறங்கி ஆறுதலானது. அதைத்தான் உமக்குச் சொல்ல வெட்கப்படுகிறேன்.

இரண்டு நாள் என்னைத் தனியே விடவில்லை. நம்மவர் வழக்கம் உமக்குத் தெரியும். ஒருவர் மாறி ஒருவர் பாயில் கூட இருந்தார்கள். வின்சன்ற் கதவுக்குக் குறுக்கே படுத்தான். திங்கட்கிழமை நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவன் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். கிணறுகளுக்குக் குறைவில்லை, மனுப் பொய் என்று தீர்த்துவிட்டார்கள். தை மாதத்துக்குள் முப்பது குடும்பமும் எழும்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குள் புதுச் சாட்சி ஏதும் இருந்தால் மேல்மனுப் போடலாமாம். அவர்களிடம் என்ன சாட்சி இருக்கிறது?

குவாட்டர்ஸை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சிமியோன் துக்கம் விசாரிக்க வந்தார். "தங்கச்சி எங்கடை மனிசிக்குத் தண்ணி குடுத்தவவாம்" என்று சொல்லி அழுதார்.

என்னை மன்னியும்.

கதிரவேலு


உடுவில்,
12-12-1931

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். இம்முறை இது வழக்கத்துக்காக எழுதும் வரியல்ல.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. விறாந்தையில் எல்லோரும் கூடினார்கள். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்ற இடத்தை "நான் சுகமாக இருக்கிறேன்" என்று வாசித்தேன். "வேறை?" என்றார் ஐயா. "வேறையொண்டுமில்லை" என்றேன். பராசக்தி என்னையே பார்த்தாள்.

தந்தி கொடுத்த கதையையும் நீங்கள் அறிய வேண்டும். பழைய பள்ளிக்கூடத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிச் சுன்னாகத்துக்குப் போனேன். தபாற் கந்தோரில் இருந்தவருக்கு ஐயாவைத் தெரியும். "ஆர் பிள்ளை மோசம் போனது?" என்று கேட்டுவிட்டு, நான் எழுதிக் கொடுத்ததைப் படித்து, நெற்றியைச் சுருக்கினார். நான் வீடு திரும்புமுன் செய்தி திரும்பிவிட்டது. கந்தப்பு துலாவைக் கட்டிவிட்டு நிற்கிறார், அம்மா தலைவிரி கோலம், பராசக்தி மண்ணில் கிடக்கிறாள். உங்களைத்தான் அழுதார்கள். பிள்ளைக்குப் பெயர் கேட்டுத் தந்தி அடித்தேன் என்றேன். "பெயருக்கும் தந்தியோ, விசரி!" என்று அம்மா என்னை அடித்தே விட்டார். நான் மறுத்தேன், அத்தான். ஒரு நிமிடம்கூட உங்களைச் சாக விடவில்லை.

அங்கே நான் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. குவாட்டர்ஸ் போய்விட்டது, நல்லது. ஓடையும் இல்லை. அதைப் பற்றி நான் இரண்டு தரம் கேட்டு, பதிலை மரியநாயகியிடம் பெற்றேன். இனி நான் அங்கே வந்தால் ஆவி என்று ஓடுவார்கள். நீங்கள் இங்கே வந்தால், ஏன் வந்தீர்கள் என்று ஐயா கேட்பார். நீங்கள் அங்கே தாரமிழந்தவன், நான் இங்கே மலாயாக்காரரின் மனைவி. இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் எங்கே இருப்பது என்று இரவெல்லாம் யோசித்தேன்.

பிறகு உங்கள் சனிக்கிழமைத் தாளை எடுத்தேன். முதலில் என் கையால் ஒரு பிரதி எழுதினேன். அதை அனுப்பினால் உங்கள் பெயர் வெளிவராது. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். இறந்தவளின் எழுத்தை யார் சாட்சியாக எடுப்பார்கள்? அடுப்பில் போட்டேன்.

நேற்று மரியநாயகிக்கு ஆள் விட்டேன். இன்று பின்னேரம் வந்தாள். நீங்கள் நாளும் நேரமும் இட்டுக் கையெழுத்து வைத்த தாளையே கொடுத்தேன். சிமியோனுக்கு அனுப்பு என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது அந்தத் தம்பியின்ரையோ?"

"ஓம்."

"இதாலை அவருக்கு வேலை போகுமோ?"

"ஓம்."

"உங்கடை வீட்டிலை தெரியுமோ?"

"இல்லை."

அவள் தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். எழுந்து போகவில்லை. அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பராசக்தி வந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள். செம்பு நிறைய அள்ளி வந்து மரியநாயகியின் கையில் கொடுத்தாள். பிறகு என் முகத்தைப் பாராமல் தன் வளவுக்குப் போய்விட்டாள். அவள் வீட்டில் இன்று விளக்கேற்றவில்லை.

இக்கடிதம் வரும் கப்பலிலேயே அந்தத் தாளும் வருகிறது. உங்களுக்கு ஒரு பகல் முந்திக் கிடைக்கலாம், ஒரு பகல் பிந்தலாம். உங்கள் கையெழுத்தா என்று கேட்பார்கள். இந்தமுறை பேசாமல் இருக்காதீர்கள்.

உறையின் மேல் அனுப்புபவராக ஐயாவின் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தக் கந்தோர் மேசையில் இறந்தவளின் பெயர் கிடக்கக்கூடாதல்லவா.

பிள்ளைக்கு இன்னும் பெயரில்லை. உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

அருந்ததி